கச்சான் காற்றில் தூற்றிய மண்

தெமோதரைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாரும் யாரையும் ஏசாத நாள் என்று ஒன்று கிடையாது. ஏசுவது எங்களுக்குப் பெரிய காரியமில்லை. பிள்ளை சாப்பிடாவிட்டால் ஏசுவார்கள், கோழி அடுத்த வீட்டுப் பாத்தியைக் கிளறினால் ஏசுவார்கள், புருஷன் செத்துப் போனால் என்னை இப்படி விட்டுவிட்டுப் போனாயே என்று பிரேதத்தையே ஏசுவார்கள். சாயங்காலம் ஏசியவளிடமே காலையில் ஒரு கை சீனி கேட்டுப் போய் நிற்பார்கள். ஆனால் தூற்றுவது வேறு. ஒருத்தி தலைமுடியை அவிழ்த்துவிட்டுக் குனிந்து மண்ணை அள்ளினாள் என்றால் லயத்து வீடுகளில் அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு எல்லாரும் வாசலுக்கு வந்துவிடுவார்கள். பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கொள்வார்கள். அந்த மண் யார் வாசலில் விழுகிறதோ அந்த வீடு விளங்காது என்பது எங்கள் சனத்தின் நம்பிக்கை. என் எழுபத்தாறு வயதில் மூன்று பேர் தூற்றித்தான் பார்த்திருக்கிறேன். மூன்றாவது ஆள் தனலெட்சுமி.

தனலெட்சுமி எனக்குத் தங்கச்சி முறை. எங்கள் அம்மாவைப் பெற்றவள் பேர் கருப்பாயி, அக்கரையில் துறையூர்ப் பக்கத்தில் இருந்து கப்பலில் வந்தவள். கருப்பாயிக்கு மூன்று பெண்கள். மூத்தவள் மகன் நான், இராசையா. நடுவில் பிறந்தவளுக்குத் தனலெட்சுமியும், அவளுக்கு ஆறு வருஷம் கழித்துக் கஜேந்திரனும். கடைசிப் பெண், தோட்டத்து ஆட்களை அக்கரைக்குத் திருப்பி அனுப்பிய ஒப்பந்தக் காலத்தில் குடும்பத்தோடு கப்பல் ஏறிப் போனாள். நாலு கடிதம் வந்தது, ஐந்தாவது வரவில்லை. ஆகவே எனக்குக் கூடப்பிறந்தவள் மாதிரி இருப்பவள் தனம் ஒருத்திதான்.

அவளுடைய வாய் தோட்டம் முழுக்கப் பேர் போனது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அவள் கெட்ட வார்த்தை பேச மாட்டாள். அவளுக்கு அது தேவைப்படவில்லை. யாரை ஏசப் போகிறாளோ அவர்களுடைய தகப்பன், பாட்டன், பெரியம்மா, சின்னம்மா வரைக்கும் என்னென்ன கோணல் நடந்தது என்று வரிசையாக வைத்திருப்பாள். ஒரு தடவை ஹாலிஎலை டவுனில் இருந்து வந்த பஸ், கொழுந்து எடுத்துவிட்டு மழையில் நின்ற எங்கள் பெண்களை ஏற்றாமல் போய்விட்டது. மறுநாள் அதே பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்று கொண்டு கண்டக்டரைக் கேட்டாள்.

"ஏன் தம்பி, நீ யாரு மகன்னு எனக்குத் தெரியும். ஒங்கம்மா நிறைமாசமா இதே ரோட்டுல இதே மழையில நின்னப்போ எங்க லயத்துப் பொம்பளைங்கதான் சாக்கைப் போட்டு மூடிக் கொண்டு போய் ஆஸ்பத்திரியில விட்டாங்க. அவங்களும் ஒன்ன மாதிரிப் பாக்காமப் போயிருந்தா இன்னிக்கு விசில் ஊத நீ இருந்திருக்க மாட்ட. ஊது பாப்பம் இப்ப!"

கண்டக்டர் பையன் தலையைக் குனிந்து கொண்டு கதவைத் திறந்து விட்டான். அதற்குப் பிறகு ஆளில்லாவிட்டால்கூட அந்த இடத்தில் பஸ் ஒரு தடவை மெதுவாகிப் போகும்.

அவள் புருஷன் தேயிலை மலையில் வேலை செய்யும்போது குளவி கொட்டிச் செத்துப் போனார். அப்போது அவளுக்கு முப்பத்து நாலு வயது. பிள்ளை இல்லை. கஜேந்திரன் பெண்சாதி கலாராணி பிள்ளைத்தாச்சியாக இருந்தபோது தனம்தான் வீட்டோடு கூட இருந்து பார்த்தாள். விதுஷா பிறந்ததும் முதலில் கையில் வாங்கியவள் அவள். சீனித்தண்ணீர் தொட்டு வைத்தவளும் அவள்தான். தம்பி மகள் என்றில்லை, தன் மகள் என்றுதான் வளர்த்தாள்.

அந்த விதுஷா பெரிய மனுஷியானாள். பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தி, ஆடி மாதம். முதல் தண்ணீர் அத்தை ஊற்ற வேண்டும் என்பது எங்கள் வழக்கம். கூடப்பிறந்த அத்தை தனம் ஒருத்திதான். அவள் மலையில் கொழுந்து எடுத்துக் கொண்டிருந்தாள். செய்தி சொல்லி அனுப்பவில்லை. தாலி இல்லாதவள் கையால் ஊற்றினால் பிள்ளைக்கு ஆகாது என்று கலாராணி தன் சொந்தத்தில் ஒருத்தியைக் கூப்பிட்டு ஊற்றச் சொல்லிவிட்டாள். பின்நேரம் குடத்தோடு பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போன தனத்திடம் யாரோ ஒருத்தி, "என்னக்கா, மருமகளுக்குத் தண்ணி ஊத்தினது நீ இல்லியாமே" என்று கேட்டாள்.

நான் அன்றைக்கு விஷயம் கேள்விப்பட்டு அரிசியும் தேங்காயும் கொண்டு போயிருந்தேன். அதனால் கண்ணால் பார்த்தேன். பீலியில் இருந்து குடமில்லாமல் வந்தாள். லயத்தில் பன்னிரண்டு காம்பரா. ஒன்றோடு ஒன்று ஒட்டினாற்போல, ஒரு வீட்டு வாசலுக்கும் மறு வீட்டு வாசலுக்கும் ஐந்து அடி இருக்கும். மூன்றாவது தனத்தின் வீடு. ஆறாவது கஜேந்திரன் வீடு. அந்த ஆறாவது வாசலுக்கு நேரே வந்து நின்றாள்.

"அடியே கலாராணி! வெளியில வாடி!"

கலாராணி கதவுக்குப் பின்னால் நின்று கொண்டு, "மதினி, நாலு பேரு வந்திருக்காங்க, பொறகு பேசுவோம்" என்றாள்.

"எந்த நாலு பேருடி? நான் அதுல சேர்த்தி இல்லியா? தாலி போனப்போ என் கையும் கூடப் போயிருச்சாடி? நீ வலியில கத்துனப்போ ஒன் தலையைப் புடிச்சது இந்தக் கை. ஒம் மகளுக்கு மொதத் தண்ணி தொட்டு வச்சது இந்தக் கை. அப்பல்லாம் இந்தக் கை ஒனக்கு ஆகுச்சு. இன்னிக்கு ஆகலியா?"

"ஊரு வழக்கத்தைத்தானே மதினி செஞ்சேன்!"

"வழக்கமா? இந்தா வழக்கம்!"

முடியை அவிழ்த்தாள். குனிந்தாள். நான் "தனம், வேணாம், வேணாம்" என்று ஓடினேன். இரண்டு கையாலும் அள்ளி, "என் வயிறு எரியுற மாதிரி இந்த வாசல் எரியட்டும்" என்று தூற்றிவிட்டாள்.

ஆடி மாதத்துக் கச்சான் காற்று எங்கள் பக்கத்தில் எப்படி அடிக்கும் என்பது இருந்தவர்களுக்குத் தெரியும். தகரம் பெயர்ந்து போகும். அந்த மண் கலாராணி வாசலுக்குப் போகவில்லை. கையை விட்டு எழும்பியதும் காற்று வாரிக் கொண்டு போய் ஏழாவது வாசலில் அடித்தது. ஏழாவது காம்பரா இருதயம்மாவுடையது. அவர்கள் வேதக்காரர்கள். வீடு பூட்டியிருந்தது. கதவில் குருத்தோலையில் மடித்த ஒரு சிறிய சிலுவை குத்தியிருந்தார்கள். மண் அந்தச் சிலுவை மேலே பட்டுச் சரசரவென்று படியில் கொட்டியது.

சனமெல்லாம் தனத்தின் முகத்தையும் கலாராணியின் வாசலையும் பார்த்துக் கொண்டிருந்தது. ஏழாவது வாசலைப் பார்த்தவர்கள் இரண்டே பேர்தான். அவளும் நானும். அவள் என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

இந்தத் தூற்றுவது என்ற சொல்லைப் பற்றி எனக்கு ஒரு யோசனை உண்டு. தோட்டத்தில் வேலை குறைந்திருந்த ஒரு காலத்தில் லொறிக்காரர் மொஹிதீன் நானாவோடு மொனராகலைப் பக்கம் நெல் ஏற்றப் போயிருந்தேன். களத்தில் நெல்லைக் குவித்து வைத்துக்கொண்டு இரண்டு பேர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். ஏன் சும்மா இருக்கிறார்கள் என்று கேட்டேன். "காத்துக்குப் பாத்துட்டு இருக்காங்க. தூத்தோணும்ல" என்றார் நானா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யாரைத் தூற்றப் போகிறார்கள் என்று பயந்தேன். நானா சிரித்துவிட்டு, "நெல்லத்தான்!" என்றார். கொஞ்ச நேரத்தில் காற்று எழும்பியது. ஒருவர் எழுந்து ஒரு பிடி பதரை உதிர்த்து அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தார். பிறகு பக்கவாட்டில் நின்று, சுளகை உயரத் தூக்கிக் கொட்டினார். பதர் அந்தப் பக்கம் பறந்தது, நெல் அவர் காலடியிலேயே விழுந்தது. ஒரு மணி நேரம் பார்த்துக் கொண்டே நின்றேன்.

கருப்பாயிக்கு இந்த வேலை தெரிந்திருக்கும். துறையூரில் களம் இருந்தது. எங்களுக்குக் களம் கிடையாது. தேயிலைக்குத் தூற்றும் வேலை இல்லை. சொல் மட்டும் கப்பலில் கூட வந்துவிட்டது. காற்றைப் பார்த்துவிட்டு, காத்திருந்து, பக்கவாட்டில் நின்று கொட்ட வேண்டும் என்பது அதோடு வரவில்லை. கோபத்தில் இருப்பவர்கள் காற்றைப் பார்ப்பார்களா? இதை நான் எத்தனையோ தரம் யோசித்திருக்கிறேன்.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். தூற்றி ஒன்பதாம் நாள் இருதயம்மாவின் புருஷன் அற்புதராஜ் மலையில் நிழல் மரத்துக் கிளை வெட்ட ஏறினார். கயிறு அறுந்து விழுந்தார். பதுளை பெரியாஸ்பத்திரியில் மூன்று மாதம் வைத்திருந்தார்கள். உயிர் தப்பியது. இடுப்புக்குக் கீழே ஒன்றும் வேலை செய்யவில்லை. அப்போது அவர்கள் மகன் ரொஷானுக்குப் பன்னிரண்டு வயது, மகள் நிலக்ஷனாவுக்கு எட்டு.

கலாராணி வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. விதுஷா நன்றாகப் படித்தாள். கஜேந்திரன் வீட்டுக்கு முன்னால் புதுசாக இஸ்தோப்புத் திண்ணை இழுத்துக் கட்டினான். ஒன்றிரண்டு வருஷத்தில் கலாராணியே வந்து, "மதினி, நான் செஞ்சது தப்புத்தான்" என்று சொல்லிச் சேலை வைத்துக் கொடுத்தாள். தனம் வாங்கிக் கொண்டாள். அந்த வீட்டின் மேல் அவளுக்கு இருந்த எரிச்சல் எப்போதோ அணைந்திருந்தது.

அற்புதராஜ் விழுந்த நாளில் இருந்து தனம் ஏசுவதை நிறுத்திவிட்டாள். ஒருவரையும் இல்லை. கோழியைக்கூட இல்லை. லயத்தில் முதலில் சிரித்தார்கள், பிறகு அவளுக்கு ஏதோ வருத்தம் என்றார்கள், பிறகு பழகிப் போனது. அதோடு ஏழாவது வீட்டு வேலை முழுவதையும் தன் தலையில் போட்டுக் கொண்டாள். விடியற்காலை பீலியில் முதல் குடம் இருதயம்மா வீட்டுக்கு. விறகு அங்கே. அற்புதராஜைத் திருப்பிப் போட, குளிப்பாட்ட இருதயம்மாவோடு கூடப் பிடிப்பாள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் சட்டை தோய்ப்பாள். இருதயம்மாவும் மலையில் கொழுந்து எடுப்பவள்தான். தனம் இல்லாவிட்டால் அவள் வேலையை விட்டிருப்பாள், பிள்ளைகள் படிப்பும் நின்றிருக்கும். மனுஷியா தெய்வமா என்று சனம் பேசியது. மாதா கோயில் சாமியார் பிரசங்கத்தில் பேர் சொல்லாமல் அவளைப் பற்றிச் சொன்னாராம். அதை இருதயம்மா வந்து சந்தோஷமாகச் சொன்னபோது தனம் எழுந்து வெளியே போய்விட்டாள்.

வருஷம் போகப் போக இரண்டு பேரும் ஒருத்தி இல்லாமல் ஒருத்தி டீ குடிக்க மாட்டாள் என்று ஆனது. எனக்கு மட்டும் தெரியும், அந்த டீ தனத்தின் தொண்டையில் எப்படி இறங்குகிறது என்று.

போன வருஷம், கொழும்பில் வேலைக்குப் போயிருந்த ரொஷான் வந்து ஹாலிஎலையில் ஒரு சிறிய வீட்டைக் கட்டி முடித்தான். அம்மா அப்பாவை அங்கே கூட்டிப் போகப் போகிறான் என்றார்கள். ஒரு மத்தியானம் தனம் என் வீட்டுக்கு வந்தாள். வந்தவள் உட்காரவில்லை.

"ராசையாண்ணே, இருதயம் என்னையும் ஹாலிஎலைக்கு வரச் சொல்றா."

"நல்லதுதானே. ஒத்தையில இங்க கெடந்து என்ன செய்யப் போற? பென்சனும் எடுத்தாச்சு."

"எனக்குன்னு ஒரு அறை போட்டிருக்கானாம் ரொஷான். பெரியம்மா அறைன்னு சொல்றானாம்." அவள் வாய் கோணியது. "எப்படிண்ணே அந்த வீட்டுல கால் வைப்பேன்? அவங்கப்பனைப் படுக்கையில போட்டவ நான். சொல்லிட்டுத்தான் போகணும்."

"சொல்லாத. பதினோரு வருஷம் வாயை மூடிட்ட. ஒங்க ரெண்டு பேருக்கும் வயசாயிருச்சு. இன்னும் கொஞ்ச நாளைக்கு மூடிக்கிட்டு இரு."

"சொல்லாமப் போனா அந்த வீட்டுச் சோறு எறங்காதுண்ணே."

"சொன்னா அந்த வீட்டுச் சோறே கெடைக்காதுடி!"

"தெரியும்," என்றாள். "சோத்தைப் பத்தி இல்ல. அவ இல்லாம என்னால முடியாது. அதான் பயமா இருக்கு." படி இறங்கியவள் திரும்பினாள். "ஞாயித்துக்கிழமை நீ கூட வா. நீ பார்த்தவன். நான் பொய் சொல்லலைன்னு சொல்ல ஒரு ஆள் வேணும்."

போனேன். எனக்கு விருப்பமில்லை, ஆனாலும் போனேன். இருதயம்மா கோயிலுக்குப் போய்விட்டு வந்து, கையில் எண்ணெயைத் தடவிக் கொண்டு பலாக்காய் வெட்டிக் கொண்டிருந்தாள். அற்புதராஜ் சன்னலோரம் கட்டிலில் கிடந்து ரேடியோ கேட்டுக் கொண்டிருந்தார்.

"வாங்க மாமா. என்ன, அண்ணனும் தங்கச்சியும் ஒண்ணா? சாமான் கட்ட வந்தீங்களா?"

தனம் தரையில் உட்கார்ந்தாள். நேரே சொல்லிவிட்டாள். தண்ணீர் ஊற்றாததில் தொடங்கி, குனிந்து அள்ளியது, காற்று அடித்தது, சிலுவையில் பட்டது, ஒன்பதாம் நாள். ஒன்றையும் குறைக்கவில்லை, கூட்டவில்லை. நான் தலையை ஆட்டினேன்.

இருதயம்மா கத்தியைக் கீழே வைக்காமல் கேட்டுக் கொண்டிருந்தாள். முடிந்ததும், "இவ்வளவுதானா?" என்றாள். "நாங்க மண்ணையும் மந்திரத்தையும் நம்புற ஆளுங்க இல்லக்கா. ஆண்டவர் சித்தம் நடந்துச்சு. இதுக்கா மொகத்தை இப்படி வச்சிருக்க?"

எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அவள் மறுபடி வெட்டத் தொடங்கவில்லை. கத்தி கையில் அப்படியே இருந்தது.

"அப்ப..." என்றாள் மெதுவாக. "நீ தண்ணி கொண்டு வந்தது?"

தனம் தரையில் கிடந்த பலாத்தோலைப் பார்த்தாள்.

"விறகு கொண்டு வந்தது? இவரைக் கழுவிவிட்டது? எல்லாம் அந்த மண்ணுக்கா?"

"இருதயம்..."

"பேசாத! நான் ஒவ்வொரு நாளும் செபத்துல ஒம் பேரைச் சொல்லிட்டுத்தான்டி படுப்பேன். எனக்குக் கூடப்பிறந்த பொறப்பு இல்ல, ஆண்டவர் ஒரு அக்காவைக் குடுத்தார்னு சொல்லுவேன். நீ அக்காவா வரல. தண்டனை அனுபவிக்க வந்திருக்க. எங்க வீடு ஒனக்கு ஜெயிலு! பதினோரு வருஷமா நான் ஒரு கைதிக்கு டீ ஊத்திக் குடுத்திருக்கேன். ஒனக்கு டீ ஊத்துறப்ப ரெண்டு கரண்டி சீனி போடணும்னு பார்த்துப் பார்த்துப் போட்டேனே, பைத்தியக்காரி நான்! எம் பிள்ளைங்க ஒன்னப் பெரியம்மான்னு கூப்பிட்டப்போ உள்ளுக்குள்ள என்னா நெனச்ச? சொல்லு! எனக்கு மஞ்சக்காமாலை வந்து கெடந்தேனே, நாலு நாள் தூங்காம என் தலைமாட்டுல இருந்தியே. அதுவுமா? அதுவும் மண்ணுக்கா?"

தனத்தைப் பார்த்தேன். ஒரு காலத்தில் பஸ்ஸை நிறுத்திய வாய். அசையவில்லை. எல்லாவற்றையும் தலைகுனிந்து வாங்கிக் கொண்டிருந்தாள். கடைசியில்தான் சொன்னாள்.

"மொதல்ல எல்லாம் மண்ணுக்குத்தான். பொறகு எப்ப மாறுச்சுன்னு எனக்கே தெரியல. காமாலைக்கு வந்தப்போ மண்ணு ஞாபகமே இல்ல. சத்தியமா இல்ல."

"நான் எப்படி நம்புறது?"

அடுத்த வீடுகளில் பேச்சு நின்று போயிருந்தது. லயத்துச் சுவர் அப்படி. இருதயம்மா முகத்தைத் துடைத்ததில் பலாக்காய்ப் பால் கன்னத்தில் ஒட்டிக் கொண்டது.

அப்போது கட்டிலில் இருந்து அற்புதராஜ் ரேடியோவை அணைத்தார்.

"கயித்த நான் கட்டவே இல்ல," என்றார்.

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

"என்னா?" என்றாள் இருதயம்மா.

"கயிறு அறுந்துருச்சுன்னு சொன்னேன்ல. அறுந்து போகல. மரத்தடியில கெடந்துச்சு. அன்னிக்கு மேட்ச் இருந்துச்சு. கடைசி மரம். கயித்தக் கட்டிக்கிட்டு ஏறினா நேரமாகும்னு சும்மா ஏறினேன். விழுந்ததும் கூட நின்ன பயல் எனக்கு ஏச்சு விழக் கூடாதுன்னு கயித்த அறுத்துப் போட்டுட்டான்."

"பதினோரு வருஷமா ஏன் சொல்லல?"

"சொன்னா நீ ஏசுவ," என்றார் அற்புதராஜ். வேறு காரணம் எதுவும் அவரிடம் இருந்ததாகத் தெரியவில்லை.

அடுத்த வீட்டில் யாரோ சிரிப்பை அடக்கிக் கொண்டு இருமினார்கள். பிறகு தனம் எழுந்து நின்றாள்.

"மேட்ச்சா?" என்றாள்.

"தனம்..."

"மேட்ச் பாக்கவா? யோவ் அண்ணே! நான் பதினோரு வருஷம் தூங்கலய்யா! கண்ணை மூடினா நீ மரத்துல இருந்து விழுவ. நீ என்னடான்னா எவன் எத்தனை ஓட்டம் அடிச்சான்னு ரேடியோவைக் காதுல வச்சுக்கிட்டு மல்லாந்து கெடந்திருக்க! ஒங்க வம்சமே இப்படித்தான். ஒங்கப்பன் தெமோதரை ஸ்டேஷன்ல ரயிலு வருது வருதுன்னு கத்தியும் தண்டவாளத்துல குந்திக்கிட்டு வெத்தலை போட்டவன். நாலு பேரு தூக்கி வெளியில போட்டாங்க. ஒங்க சித்தப்பன் கல்யாணத்தன்னிக்குச் சேவல் சண்டை பாக்கப் போயி, மாலையோட பொண்ணு கோயில் வாசல்ல நின்னா!"

"இவரு தாத்தாவும் அப்படித்தான்," என்றாள் இருதயம்மா. அவள் அழுகை நின்றிருக்கவில்லை. அழுது கொண்டேதான் சொன்னாள். "தேயிலை காய வைக்குற அடுப்பு நெருப்புல சோளம் சுடப் போயி மீசையைக் கருக்கிக்கிட்டவர்."

"கேட்டியா! கேட்டியா! கயித்தக் கட்ட எம்புட்டு நேரம்யா ஆகும்? இந்தப் பொம்பளை ஒரு வேளை நிம்மதியா உக்காந்து சாப்பிட்டிருப்பாளா?"

காம்பராவுக்கு வெளியே லயமே கூடிவிட்டது. கலாராணிகூட வந்து எட்டிப் பார்த்தாள். பதினோரு வருஷம் தேக்கி வைத்தது முழுவதும் வந்தது. அரை மணி நேரம் இருக்கும். அற்புதராஜ் போர்வையை முகத்தில் இழுத்துக் கொண்டார். போர்வை குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று என்னால் சொல்ல முடியவில்லை. இரண்டும் இருந்திருக்கலாம்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். அன்றைக்குச் சேர்ந்து ஏசினாலும், மறுநாள் காலையில் தனம் குடத்தோடு போனபோது இருதயம்மா கதவைத் திறக்கவில்லை. குடத்தைப் படியில் வைத்துவிட்டு வந்தாள். சாயங்காலம் பார்த்தால் தண்ணீர் அப்படியே இருந்தது. அதற்கு மறுநாளும் அப்படித்தான். மூன்றாம் நாளில் இருந்து தனம் குடம் கொண்டு போகவில்லை. நிலக்ஷனா போய்த் தண்ணீர் எடுத்தாள். மூன்று வாரம் இரண்டு பேருக்கும் பேச்சில்லை.

அந்த நாட்களில் ஒரு தடவை தனம் என்னிடம் கேட்டாள். "கயித்தக் கட்டாதது அவரு புத்தி. சரி. அன்னிக்குன்னு பார்த்து அந்தப் புத்தியைக் குடுத்தது எதுண்ணே? மண்ணா இருந்தா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நெல்லைத் தூற்றுபவருக்கு எது பதர், எது நெல் என்று விழுந்த இடத்தில் தெரிந்துவிடும். வாயால் தூற்றியது எங்கே விழுந்தது, எதை அடித்தது என்று யார் போய்ப் பார்க்க முடியும்? ஒன்று மட்டும் சொன்னேன். "அது எனக்குத் தெரியாது தனம். ஆனா அந்தப் பிள்ளைங்க சோறு தின்னு படிச்சது ஒன் கையால. அது எங்க விழுந்துச்சுன்னு நான் கண்ணால பார்த்தேன்."

வீடு மாறுகிற நாளில் சின்ன லொறி ஒன்று வந்தது. கட்டில், அலுமாரி, மாதா படம், எல்லாம் ஏற்றினார்கள். அற்புதராஜை நாலு பேர் தூக்கி முன்னால் உட்கார வைத்தார்கள். தனம் தன் வாசலில், தூணுக்குப் பின்னால் நின்று பார்த்துக் கொண்டிருந்தாள். கூட்டிப் போவார்கள் என்று அவள் நினைக்கவில்லை. ஒரு பையும் கட்டி வைத்திருக்கவில்லை. லொறி ஸ்டார்ட் ஆனது. இருதயம்மா ஏறவில்லை. மூன்றாவது வாசலுக்கு வந்து நின்றாள்.

"என்ன, வரலியா?"

தனம் தூணைப் பிடித்துக் கொண்டு பார்த்தாள்.

"வர்றதுன்னா ஒரு பேச்சு இருக்கு," என்றாள் இருதயம்மா. "அங்க பைப்பு குசினிக்குள்ளேயே இருக்கு. தண்ணி தூக்க ஆள் வேணாம். கேஸ் அடுப்பு, விறகு வேணாம். இவரைத் திருப்ப ரொஷான் ஆள் வச்சிருக்கான். ஒனக்கு அந்த வீட்டுல ஒரு வேலையும் கெடையாது. ஒரு குடத்தைத் தொட்டாலும் திருப்பி பஸ் ஏத்தி விட்டுருவேன். சும்மா வரணும். சும்மா இருக்கணும். முடியுமா ஒனக்கு?"

"முடியுமான்னு தெரியல," என்றாள் தனம்.

"எனக்கும்தான் தெரியல. ஏறு."

போன மாதம் ஹாலிஎலைக்குப் போய் அவர்களைப் பார்த்துவிட்டு வந்தேன். இருதயம்மா டீ கொண்டு வந்து வைத்தாள். அடுப்படியில் ஏதோ பொங்கி வழிகிற சத்தம் கேட்டது. தனம் சட்டென்று எழுந்தாள். "உக்காரு," என்றாள் இருதயம்மா, திரும்பிக்கூடப் பார்க்காமல். தனம் உட்கார்ந்தாள். இரண்டு கையையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் முந்தானையைச் சுருட்டிச் சுருட்டி அவிழ்த்துக் கொண்டிருந்தாள். பிறகு ஒரு கையால் டீக் கோப்பையை எடுத்து, ஆற விடாமல், சூடாகவே குடித்தாள்.